ராயபுரத்தைச் சிவக்க வைத்த தூசு, எண்ணூருக்கு வராமலே போன தாது: ஹேமடைட் என்றால் என்ன?

எண்ணூர் துறைமுகத்தில் இரும்புத் தாது ஏற்றுமதிக்காகவே ஒரு டெர்மினல் கட்டினார்கள். பல நூறு கோடி ரூபாய் செலவு. கன்வேயர் பெல்ட், தாதுவைக் குவிக்கும் இயந்திரம், கப்பலில் கொட்டும் இயந்திரம் என்று எல்லாம் ரெடி. ஆனால், எந்தத் தாதுவுக்காகக் கட்டினார்களோ, அந்தத் தாதுவின் ஏற்றுமதி அங்கே தொடங்கவே இல்லை.

அதே காலத்தில் சில கிலோமீட்டர் தெற்கே, ராயபுரம் பக்கம் இருந்தவர்கள் அதே தாதுவின் தூசு போதும் போதும் என்று கோர்ட் வரைக்கும் போயிருந்தார்கள். ஒரு ஊருக்கு வேண்டாத விருந்தாளி, இன்னொரு ஊருக்கு வராத விருந்தாளி. யார் இந்தத் தாது? வாங்க, முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்.

கருப்புக் கல்லுக்குள் சிவப்பு ரத்தம்

இரும்பு என்பது வெட்டி எடுத்தவுடனே இரும்பாக வந்துவிடாது. மண்ணுக்குள் அது ஆக்சிஜனோடு சேர்ந்துதான் கிடக்கும். அப்படிச் சேர்ந்த கனிமங்களில் முக்கியமானது ஹேமடைட். இரண்டு இரும்பு அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான் கணக்கு. சுத்தமான ஹேமடைட்டில் எடைப்படி சுமார் 70% இரும்பு.

பெயர் கிரேக்க மொழியில் இருந்து வந்தது. அங்கே 'ஹைமா' என்றால் ரத்தம். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினும் இதே வேர்ச்சொல்தான். ஹீமோகுளோபின் குறைந்தால் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருகிறார் இல்லையா, அதனால் இந்த உறவு நமக்கும் புதிது இல்லை.

ஆனால் ஒரு வேடிக்கை. ஹேமடைட் கல்லைக் கையில் எடுத்தால் பெரும்பாலும் சிவப்பாகவே இருக்காது. கருப்பாக, ஸ்டீல் மாதிரி சாம்பல் பளபளப்போடு இருக்கும். அதை ஒரு டைல்ஸின் பின்பக்கம், அதாவது வழவழப்பு இல்லாத பக்கம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ரத்தச் சிவப்பில் கோடு விழும். கல் எந்த நிறத்தில் இருந்தாலும் தூள் சிவப்புதான். புவியியல் மாணவர்களுக்கு ஹேமடைட்டை அடையாளம் காணச் சொல்லித்தரும் முதல் பரிசோதனையே இதுதான். இந்த ஒரு குணத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ராயபுரம் கதைக்கும் எண்ணூர் கதைக்கும் இது தேவைப்படும்.

அடுத்த குணம் கனம். தண்ணீரைவிட ஐந்து மடங்குக்கும் மேல். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணி கேனில் தண்ணீருக்குப் பதிலாகக் கெட்டியான ஹேமடைட் இருந்தால் அதன் எடை 100 கிலோவைத் தாண்டும். கடினமும் அதிகம். நகத்தால் கீற முடியாது, செம்புக் காசாலும் முடியாது. ஆனால் மண்ணாக உதிரும் வகையும் இதில் உண்டு, பிரச்சினை கிளப்புவது அதுதான்.

காந்தத்தோடு ஒட்டுமா என்றால், லேசாக ஈர்க்கும், டப்பென்று ஒட்டாது. அப்படி ஒட்டுவது இதன் அண்ணன் மேக்னடைட். அதன் தூள் கருப்பு. இரும்பு கொஞ்சம் அதிகம், 72%.

நம்ம வாசலிலேயே இருக்கிறது

ஹேமடைட் ஏதோ சுரங்கத்துப் பொருள் என்று நினைக்க வேண்டாம். கோலத்துக்கு ஓரம் கட்டும் காவி, கோயில் சுவரில் வெள்ளைக்கு நடுவே வரும் காவிப் பட்டை, இந்தச் சிவப்பெல்லாம் பழைய காலத்தில் ஹேமடைட் கலந்த மண்ணில் இருந்து வந்ததுதான். சித்த மருத்துவத்தில் 'பூங்காவி' என்று ஒரு சரக்கு உண்டு, அதுவும் இந்தக் குடும்பமே. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் பாறை மேல் இருக்கும் பழைய சிவப்பு ஓவியங்களும் காவியால் தீட்டியவை.

செங்கல் ஏன் சிவப்பு? களிமண்ணில் இருக்கும் இரும்பு, சூளை நெருப்பில் ஹேமடைட்டாக மாறுவதால். அந்தக் கணக்கில் பார்த்தால் சென்னை ஐகோர்ட் கட்டடத்தின் சிவப்பும் இதே கனிமத்தின் சிவப்புதான். இதைச் சும்மா சொல்லவில்லை, கோர்ட் பின்னால் வரும்.

வீட்டு கேட்டில் பிடிக்கும் துரு இதன் நெருங்கிய சொந்தம், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்த வடிவம். செவ்வாய் கிரகம் சிவப்பாகத் தெரிவதற்கும் இரும்பு ஆக்சைடு தூசுதான் காரணம். 2004-ல் நாசாவின் ஆப்பர்சூனிட்டி ரோவர் அங்கே தரையில் சின்னச் சின்ன ஹேமடைட் உருண்டைகளையே கண்டுபிடித்தது.

எங்கே கிடைக்கிறது? தமிழ்நாட்டில் இல்லையா?

இதற்கு 250 கோடி ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அப்போது கடல் நீரில் இரும்பு கரைந்து கிடந்தது. காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் சூரிய ஒளியை வைத்து ஆக்சிஜனை வெளியிட ஆரம்பித்தன. அந்த ஆக்சிஜன் கரைந்திருந்த இரும்போடு சேர, அது கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்தது. ஒருவகையில் கடலே துருப்பிடித்த கதை. இன்று உலகம் வெட்டி எடுக்கும் இரும்புத் தாதில் பெரும்பங்கு அந்தப் படிவுகளில் இருந்துதான் வருகிறது.

அந்தப் படிவுகளில் இரும்பும் மணல்சத்தும், அதாவது சிலிக்காவும், மாறி மாறி அடுக்காக இருக்கும். பல கோடி ஆண்டு மழையும் வெயிலும் சிலிக்காவைக் கரைத்து எடுத்துப் போன இடங்களில் இரும்பு மட்டும் செறிந்து நின்றது. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கரின் பைலடிலா மலை, கர்நாடகாவின் பெல்லாரி, சண்டூர், ஹொஸ்பேட் பக்கமெல்லாம் அப்படித்தான். 60 சதவீதத்துக்கும் மேல் இரும்பு உள்ள ஹேமடைட் இங்கெல்லாம் கிடைக்கும். இந்தியா இப்போது ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் இரும்புத் தாது எடுக்கிறது, அதில் பாதிக்கும் மேல் ஒடிசாவில்.

தமிழ்நாட்டிலும் இரும்பு இருக்கிறது. சேலம் கஞ்சமலை, திருவண்ணாமலை கவுத்திமலை எல்லாம் இரும்பு மலைகளே. ஆனால் இங்கே பாறை பூமிக்குள் வெந்து உருமாறி, மேக்னடைட்டும் குவார்ட்சும் கலந்த கல்லாகிவிட்டது. இரும்பு 40 சதவீதத்துக்குக் கீழே. அரைத்து, காந்தம் வைத்துப் பிரித்துத்தான் பயன்படுத்த வேண்டும். சேலம் உருக்காலை கஞ்சமலைத் தாதில் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது துருப்பிடிக்காத உருக்குத் தகடு செய்யும் ஆலை, அங்கே தாதுவை உருக்குவதில்லை.

பழங்கதை வேறு. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டு வந்து உருக்கினார். அடுப்புக்கு மரக்கரி கிடைப்பதே கடைசியில் பெரும்பாடாகிப் போனது. அதற்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே இங்கே இரும்பு புழக்கத்தில் இருந்திருக்கிறது. சிவகளையில் கிடைத்த சான்றுகளின் அடிப்படையில், தமிழ் நிலத்தில் இரும்பின் காலம் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததை நம் சேனலில் பார்த்திருப்பீர்கள்.

ராயபுரத்துக்கு எப்படி வந்தது?

பெல்லாரியில் தாது இருக்கிறது, கடல் இல்லை. கிழக்குப் பக்கம் ரயில் விட்டால் சென்னை. ஜப்பானுக்கு உருக்காலை இருக்கிறது, தாது இல்லை. இந்த இரண்டையும் சேர்த்ததுதான் சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக். 1977-ல் அங்கே இயந்திரங்களால் தாது ஏற்றும் வசதி வந்தது. 400 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வரும் வேகனை அப்படியே தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். தாது பெல்ட்டில் ஏறும், திறந்தவெளியில் மலையாகக் குவியும், கப்பல் வந்ததும் மறுபடி பெல்ட்டில் ஏறிக் கப்பலுக்குள் கொட்டும்.

கவனியுங்கள்: கவிழ்ப்பது, கொட்டுவது, குவிப்பது, மறுபடி அள்ளுவது, மறுபடி கொட்டுவது. ஒவ்வொரு முறையும் தூசு கிளம்பும்.

சந்தையில் தாது இரண்டு ரகமாகப் போகும். கட்டியாக இருப்பது ஒன்று. 10 மில்லிமீட்டருக்கும் கீழே பொடியாக இருப்பது இன்னொன்று, இதற்குத் தொழிலில் 'ஃபைன்ஸ்' என்று பேர். 2000-களில் சீனா இந்தப் பொடியையும் வாரி வாரி வாங்கியது. விலை ஏறியது, பெல்லாரியில் இருந்து ரயில் மேல் ரயில் வந்தது. கடல் காற்று அடிக்கும் ஊரில் திறந்தவெளிப் பொடிக் குவியல் என்றால் என்ன ஆகும்? பக்கத்திலேயே நிலக்கரிக் குவியலும் இருந்தது. மாடியில் காயப்போட்ட துணி, ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் ஒரு படலம். சிவப்பு பாதி, கருப்பு பாதி.

தூசு உடம்பை என்ன செய்யும்?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 'இரும்புத் தூசு விஷம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சரியில்லை, 'வெறும் காவி தானே' என்று தள்ளிவிடுவதும் சரியில்லை.

சுத்தமான இரும்பு ஆக்சைடு தூசு நுரையீரலில் படிந்தால் எக்ஸ்ரேயில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். 'சிடரோசிஸ்' என்பார்கள், வெல்டிங் வேலை செய்பவர்களுக்கும் வரும். தனியாக இது மட்டும் என்றால் பெரும்பாலும் நுரையீரலைத் தழும்பாக்குவதில்லை. ஆனால் தாது சுத்தமாக வருவதில்லை. கூடவே வரும் சிலிக்காதான் ஆபத்தானது. சிலிக்கோசிஸ் வந்தால் திரும்ப சரிசெய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, நிலத்துக்கு அடியில் ஹேமடைட் வெட்டும் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் வைத்திருக்கிறது. அதற்குக் காரணம் சுரங்கத்துக்குள் தேங்கும் ரேடான் வாயு. ஹேமடைட் தூளை மட்டும் தனியாக அந்தப் பட்டியலில் அது சேர்க்கவில்லை.

ஊருக்குள் இருப்பவர்களுக்கு முக்கியம் தூசியின் அளவுதான். 10 மைக்ரானுக்கும் சிறியது மூச்சோடு உள்ளே போகும், 2.5 மைக்ரானுக்கும் சிறியது நுரையீரலின் அடிவரை போகும். நம் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவின் 2009 தரநிலைப்படி 24 மணி நேரச் சராசரியில் முதல் வகை ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமையும், இரண்டாம் வகை 60-ஐயும் தாண்டக் கூடாது. அது ஹேமடைட்டா, நிலக்கரியா என்று தரநிலை பார்ப்பதில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சும் பார்ப்பதில்லை.

கோர்ட் சொன்னது, பெல்லாரியில் நடந்தது

2011 மே மாதம் சென்னை ஐகோர்ட் தீர்ப்பு சொன்னது. நிலக்கரி, இரும்புத் தாது மாதிரியான தூசு கிளப்பும் சரக்குகளைச் சென்னைத் துறைமுகம் கையாளக் கூடாது, அவற்றை எண்ணூருக்கு மாற்ற வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 1-ல் இருந்து தடை அமலுக்கு வந்தது. ஐகோர்ட் இருப்பதே துறைமுகத்துக்கு எதிரே. தூசு பற்றி அங்கே யாரும் ரொம்ப விளக்க வேண்டி இருந்திருக்காது என்பது என் ஊகம்.

எண்ணூர் இதற்கு முன்பே தயாராகிக்கொண்டிருந்தது. கழிமுகத்துக்கு வடக்கே 2001-ல் வந்த துறைமுகம் இது, அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே கட்டப்பட்டது. 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. அங்கே இரும்புத் தாது டெர்மினல் கட்டும் ஒப்பந்தம் 2006-ல் சிகால் குழுமத்துக்குப் போனது. ஆண்டுக்கு 1.2 கோடி டன் திட்டம், முதல் கட்டமாக 60 லட்சம் டன்.

கட்டி முடிக்கும் நேரத்தில் கர்நாடகாவில் கதை மாறிவிட்டது. சட்டவிரோதச் சுரங்கம் என்று பறிமுதல் செய்து கார்வார் பக்கம் பெலெகேரி துறைமுகத்தில் வைத்திருந்த தாதில் சுமார் 5 லட்சம் டன் காணாமல் போனது 2010-ல் வெளியே வந்தது. காணாமல் போக அது மோதிரமா, சொல்லுங்கள்? அந்த ஜூலையிலேயே தாது ஏற்றுமதிக்குக் கர்நாடக அரசு தடை போட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டேயின் அறிக்கை, அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்றது. அதே வாரம் பெல்லாரியில் சுரங்கத்துக்கே சுப்ரீம் கோர்ட் தடை. முதல்வர் எடியூரப்பா பதவி விலகினார். பிறகு சுரங்கங்கள் படிப்படியாகத் திறந்தாலும், எடுக்கும் தாது உள்நாட்டு ஆலைகளுக்கே என்ற நிலை 2022 மே வரை நீடித்தது.

ஆக, தாது வரும் வழி மேலே அடைபட்டுவிட்டது. ராயபுரத்தில் சிவப்புத் தூசு நின்றதற்குக் கோர்ட் ஒரு காரணம் என்றால் பெல்லாரி இன்னொரு காரணம். எண்ணூர் டெர்மினல் சும்மா நின்றது. பின்னர் அதை நிலக்கரிக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

தாதுக்குக் கட்டியதில் நிலக்கரி போடலாமா?

போடலாம், ஆனால் அப்படியே போட முடியாது. கனம் என்ற அந்தக் குணம் இங்கே வேலை செய்கிறது. கொட்டிக் குவித்த தாது ஒரு கன மீட்டருக்கு இரண்டு டன்னுக்கும் மேல், நிலக்கரி ஒரு டன்கூட வராது. அதே எடைக்கு நிலக்கரி இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். யார்டு பெரிதாக வேண்டும், பெல்ட்டின் கணக்கு மாறும். அதைவிட முக்கியம், தாது டெர்மினல் கப்பலில் ஏற்றுவதற்கானது. எண்ணூருக்கு நிலக்கரி வந்து இறங்கும் சரக்கு. திசையே தலைகீழ்.

இரும்புத் தாது ஏற்றிய கப்பலை எட்டிப் பார்த்தால் பாதி காலியாக இருப்பது போலத் தெரியும். எடை தாங்கும் எல்லை அங்கேயே முடிந்துவிடும். அந்தக் காலி இடத்திலும் ஒரு ஆபத்து இருக்கிறது. மழையில் நனைந்த பொடித் தாது, கப்பலின் அதிர்வில் சேறு மாதிரி இளகி ஒரு பக்கமாகச் சரியும், கப்பல் கவிழும். 2009-ல் மங்களூருக்கு அப்பால் ஏஷியன் ஃபாரஸ்ட், பாராதீப்புக்கு அப்பால் பிளாக் ரோஸ் என்று தாது ஏற்றிய இரண்டு கப்பல்கள் மூழ்கின. அதனால் ஏற்றும் முன் ஈரப்பதச் சோதனை கட்டாயம். ரொம்ப ஈரமாக இருந்தால் கப்பலுக்கு ஆபத்து, ரொம்பக் காய்ந்தால் ஊருக்குத் தூசு. மூடிய பெல்ட், குவியல் மேல் நீர்த்தெளிப்பு, காற்றுத் தடுப்பு வேலி, தார்ப்பாய் போட்ட வேகன் என்று நடுவில் நின்று சமாளிக்கும் வழிகள் இருக்கின்றன. எல்லாமே செலவு பிடிப்பவை, அதனால்தான் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

இப்போ எண்ணூர் மாடியில் இருப்பது எந்தத் தூசு?

மேலே சொன்ன டைல்ஸ் பரிசோதனையை இங்கே பயன்படுத்தலாம். மாடியில் படிந்ததை ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்து விரலால் தேயுங்கள். சிவப்புக் கோடு என்றால் இரும்பு ஆக்சைடு. ஆனால் செங்கல் தூளும் செம்மண்ணும் அப்படியே கோடு போடும் என்பதால் பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா பாருங்கள். மையாக ஒட்டும் கருப்பு என்றால் நிலக்கரியோ வாகனப் புகையோ. மாவு போல வழுக்கும் சாம்பல் நிறம் என்றால் அனல்மின் நிலையச் சாம்பல். தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் கூடவே ஓடும் கருந்துகள், மேக்னடைட் அல்லது இரும்புச் சீவல். இதெல்லாம் முதல் கணிப்புக்கு மட்டும்தான். புகார் கொடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீடு வேண்டும்.

எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் மக்கள் சொல்லும் தூசு சிவப்பு இல்லை. கருப்பும் சாம்பலும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களில் இருந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, இறால் பிடிக்கும் இடங்கள் மேடாகிப் போனது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். 2011 தீர்ப்பால் ராயபுரத்தில் துணி காயப்போட முடிந்தது உண்மை. அங்கே வேண்டாம் என்றான நிலக்கரி வடக்கே வந்ததும் உண்மை. ஏற்றுமதிக்கு 2022-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி அனுமதி தந்திருக்கிறது. 58 சதவீதத்துக்கும் மேல் இரும்புள்ள தாதுக்கு 30% ஏற்றுமதி வரி இருப்பதால் நல்ல ஹேமடைட் பெரும்பாலும் உள்நாட்டு ஊதுலைகளுக்கே போகிறது. ஒரு டன் உருக்குக்குச் சுமார் ஒன்றரை டன் தாது தேவை, நம் ஆலைகளின் பசி அப்படி.

என்றைக்காவது எண்ணூர் பக்கம் ஒரு வேகன் முழுக்கக் கருப்புக் கல் வந்து, அடுத்த நாள் மாடித் தரை சிவந்திருந்தால், அது எதுவென்று இப்போ உங்களுக்குத் தெரியும்.